மான் ஏன் மல்லாட்டைக் கொல்லைக்கு வருகிறது?

செஞ்சி வட்டாரத்தில் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். விடிந்து கொல்லைக்குப் போனால், மல்லாட்டைச் செடியின் கொழுந்து வரிசையாகக் கடிபட்டுக் கிடக்கும். ஈர மண்ணில் ஆட்டுக் குளம்பைவிடச் சற்றுக் கூரான தடம் பதிந்திருக்கும். 'காட்டில் தீனி இல்லை, மான் இறங்கிவிட்டது' என்று பேசிக்கொள்வார்கள். கோடையில் அது சரிதான். ஆனால், மழை பெய்து காடு பச்சையாக இருக்கும் மார்கழி, தை மாதங்களிலும் மான் இறங்குகிறதே, அது ஏன்?

தீனியும் தண்ணீரும் மட்டும் மானுக்குப் போதாது. பகலில் நிம்மதியாகப் படுக்க ஒரு மறைவு வேண்டும். அந்த மறைவுக்குள் மனிதர்கள் அடிக்கடி நுழைந்தால், மான் வேறு இடம் தேடும்.

புதர்தான் மானின் தொழுவம்

புள்ளிமான் காலையிலும் மாலையிலும் திறந்த வெளியில் புல் மேயும். வெயில் ஏறியதும் காரை, சூரை, கிளா போன்ற புதர்களின் நிழலில் ஒதுங்கி அசை போடும். பிறந்த குட்டியைப் புதரில் படுக்க வைத்துவிட்டுத் தாய் மேயப் போகும். ஆபத்து என்றால் ஓடி ஒளிவதும் அதே புதருக்குள்தான்.

மாடு வளர்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேய்ந்து வந்த மாட்டைப் படுத்து அசை போட விடாமல் நாள் முழுவதும் விரட்டினால் என்ன ஆகும்? உடம்பு வற்றும், பால் குறையும். மானுக்கும் அதே கதிதான். பகலில் இழந்த மேய்ச்சலை இரவில் ஈடுகட்டப் பார்க்கும். காட்டை ஒட்டிய பாசனக் கொல்லை அதற்கு எளிதாகக் கிடைக்கிறது.

கோட்டைக்கு வருபவர்களும் காட்டுக்குள் நுழைபவர்களும்

மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சிக்கோட்டை மட்டுமே. ஊருக்கு இது பெருமை. கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், இளநீர் விற்பவர் எல்லோருக்கும் வருமானம். ராஜகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் படிக்கட்டு வழியாக ஏறி இறங்குபவர்களால் காட்டு மானுக்குப் பெரிய தொல்லை இல்லை.

கோட்டையோடு நிற்காமல் சுற்றியுள்ள காப்புக்காடுகளிலும் பாக்கம் மலைப் பக்கமும் நுழைவதுதான் தொல்லை. ஒற்றையடிப் பாதையில் மோட்டார் பைக் ஓட்டுவது, ஓடைக்கரையில் பாட்டுப் போட்டுச் சமைப்பது, நாயை அவிழ்த்துவிடுவது, மானைப் படம் எடுக்கப் புதருக்குள் பின்தொடர்வது எல்லாம் இதில் சேரும். அந்தி வேளையில் நீர்நிலை ஓரத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு அந்தத் தண்ணீர் மானுக்கு இல்லை.

பாதையை விட்டு விலகினால்...

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆன்டிலோப் தீவில் இதை அளந்தே பார்த்தார்கள். ஆய்வு 2003-ல் வெளியானது. பாதையிலேயே நடப்பவர் 100 மீட்டருக்குள் வந்தபோது 100-க்கு 70 முறை விலங்குகள் ஓடின. பாதையை விட்டு விலகி நடந்தபோது, அங்குள்ள மான்கள் 100-க்கு 96 முறை ஓடின. நடந்து போனாலும் சைக்கிளில் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

கொலராடோ மாநிலத்தில் எல்க் என்ற பெரிய மான் இனத்தை, 1996, 1997 ஆண்டுகளில் கன்று ஈனும் பருவத்தில் ஆட்கள் திரும்பத் திரும்ப நெருங்கிப் பார்த்தனர். தாய்களோடு இருந்த கன்றுகளின் எண்ணிக்கை குறைந்தது. தொந்தரவை நிறுத்தியதும் மீண்டும் கூடியது. கெடுப்பதும் சரிசெய்வதும் நம் கையில்தான் என்பதற்கு இது சாட்சி.

'மான் பழகிக்கொள்ளாதா?' என்று கேட்கலாம். சென்னை கிண்டியை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் புள்ளிமான்கள் சாலை ஓரத்திலேயே மேய்கின்றன. தினமும் ஒரே வழியில் போகும் மனிதர்களுக்கு அவை பழகிவிட்டன. ஆனால், அங்கும் நாய்க்கடியாலும், தின்ற பிளாஸ்டிக் வயிற்றில் அடைத்தும் மான்கள் செத்திருக்கின்றன.

ஊரார் செய்யக்கூடியவை

* காட்டுக்குள் போகும் வண்டிப்பாதை ஊர் எல்லையில் தொடங்கினால், வனத்துறையிடம் சொல்லித் தடுப்புக் கம்பமும் அறிவிப்புப் பலகையும் வைக்கச் செய்யலாம். கிராமசபையில் தீர்மானம் போட்டால் கோரிக்கைக்கு வலு கூடும்.
* காணும் பொங்கல், கோடை விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டும் இளைஞர்கள், பாதையோடு திரும்பிவிட வேண்டும் என்று சொல்லலாம்.
* வீட்டு நாயை இரவில் கட்டிவைக்க வேண்டும். கொல்லைக் காவல் நாயும் காட்டுக்குள் துரத்திப் போகக் கூடாது.
* காட்டோரப் புதரை விறகுக்காக மொட்டையாக வெட்ட வேண்டாம். மறைவு காட்டுக்குள் இருந்தால்தான் மான் அங்கே தங்கும்.
* கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றைச் சுற்றி முள்வேலியாவது போடுங்கள். துரத்தப்பட்ட மான் அதில்தான் விழும். இருட்டில் மனிதரும் விழுவார்.

வாசகர் கேள்விகள்

*கொல்லையைச் சுற்றி மின்கம்பி போடலாமா?*

நேரடி மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். மானுக்கு முன்னால், அதிகாலையில் தண்ணீர் கட்டப் போகும் மனிதர்தான் அதில் சிக்குவார். சூரிய மின்வேலிக்கும் தமிழக அரசின் 2023-ம் ஆண்டு விதிகள் உண்டு. வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி பெற்ற பிறகே அமைக்க வேண்டும். செலவு குறைந்த வழி, கிளுவை உயிர்வேலி. அது வளரும் வரை பழைய சேலைகளைக் கயிற்றில் கட்டிவிடலாம். சேத விவரத்தைப் படத்துடன் வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து நிவாரணம் கேட்கலாம்.

*புதரில் தனியாகக் கிடக்கும் மான்குட்டியை எடுத்து வளர்க்கலாமா?*

தொடவே கூடாது. தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். ஆள் விலகினால் திரும்பி வரும். எடுத்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குட்டி காயப்பட்டிருந்தால் வனத்துறைக்கும், கிணற்றில் விழுந்திருந்தால் தீயணைப்புத் துறைக்கும் (101) உடனே தகவல் சொல்லுங்கள்.