அகச்சிவப்புக் கேமராவில் கடல்

அகச்சிவப்புக் கேமராவில் கடல் ஒரே சீரான பரப்பாகத் தெரிவதில்லை. அலையின் ஒரு சரிவு வெளுத்தும் மறு சரிவு கறுத்தும் தெரியும். வெயில் தெறிக்கும் இடங்கள் புள்ளி புள்ளியாக மின்னும். தொலைவிலுள்ள படகோ, நீரில் தத்தளிப்பவரின் தலையோ அதே படத்தில் ஓரிரு புள்ளிகள்தான். தேடும் பொருளைப் போலவே தோன்றி ஏமாற்றும் இந்தப் பின்னணியைப் பொறியாளர்கள் ‘கிளட்டர்’ என்பார்கள். பின்னணிக் குழப்பம் எனலாம். கருவியின் மின்னணு இரைச்சல் வேறு, இது வேறு. இரைச்சலைப் பல படங்களின் சராசரி எடுத்துக் குறைக்கலாம். குழப்பமோ கடலிலேயே இருப்பது, அலையோடு நகர்வது. சராசரிக்கு எளிதில் அடங்காது.

கடல் தன் வெப்பத்தால் அகச்சிவப்பை உமிழ்கிறது, வானத்தையும் பிரதிபலிக்கிறது. 8–12 மைக்ரான் அலைநீளத்தில் நேர் மேலிருந்து பார்த்தால் உமிழ்வே மேலோங்கும். அடிவானத்தை நோக்கிச் சாய்வாகப் பார்க்கையில் பிரதிபலிப்பு கூடும். தெளிந்த வானம் உச்சியில் குளிர்ந்தும் அடிவானத்தருகே வெதுவெதுப்பாகவும் இருப்பதால், ஒவ்வொரு சரிவும் வானத்தின் வெவ்வேறு பகுதியைக் காட்டி வெவ்வேறு பொலிவு பெறுகிறது. 3–5 மைக்ரானில் சூரியத் தெறிப்பே பெருந்தொல்லை.

ஆகவே இந்தக் குழப்பத்தைக் கணிக்கும் மாதிரி அமைக்க முதலில் தெரியவேண்டியது அலைச் சரிவுகளின் பரவல். அதை அளந்தவர்கள் சார்லஸ் காக்ஸ், வால்டர் மங்க் இருவரும். ஹவாய்க்கருகே 1951இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களில் சூரிய மினுக்கம் எவ்வளவு அகலம் விரிந்திருக்கிறது என்று பார்த்தே, நீரைத் தொடாமல் சரிவுகளைக் கணக்கிட்டார்கள். 1954இல் வெளியான அவர்களின் சூத்திரப்படி சரிவுகளின் வர்க்கச் சராசரி காற்றின் வேகத்தோடு நேர்கோட்டில் உயர்கிறது: 0.003 உடன், வினாடிக்கு மீட்டரில் சொன்ன வேகத்தின் 0.00512 மடங்கு. காற்று வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசினால், அதன் வர்க்கமூலப்படி சரிவு ஏறக்குறைய 13 டிகிரி. இன்றைய கணினி மாதிரிகளிலும் இந்த எளிய சூத்திரம் உயிரோடிருக்கிறது.

குழப்பத்தை அளப்பதில்தான் நுட்பம் அதிகம். படம் முழுவதற்கும் பொலிவின் ஒரே திட்ட விலக்கம் எடுப்பது தவறான வழி: அடிவானத்திலிருந்து கீழ்நோக்கி மெல்ல மாறும் பொலிவு அந்த எண்ணை உயர்த்திவிடும், தேடலுக்கு அதனால் இடைஞ்சல் இல்லாவிட்டாலும். ஷ்மீடர், வெதர்ஸ்பி இருவரும் 1983இல் சொன்ன முறை, படத்தை இலக்கைப்போல் இருமடங்கு அளவுள்ள கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் விலக்கத்தையும் கண்டு, அவற்றின் வர்க்கச் சராசரியின் மூலத்தை எடுப்பது. இலக்கின் பொலிவு வேறுபாட்டை இந்த எண்ணால் வகுத்து 1க்குக் கீழே வந்தால் இலக்கு குழப்பத்தில் மூழ்கிவிடும். 10ஐத் தாண்டினால் எளிதில் பிடிபடும். சூரியத் தெறிப்பு மட்டும் இதற்குள் அடங்காது. அரிதாக வந்தாலும் மிகப் பொலிவான புள்ளிகள் அவை. பொய் எச்சரிக்கைகளை எழுப்புபவையும் அவையே. அதனால் பொலிவுப் பரவலின் நீண்ட வாலையும் தனியே அளக்கவேண்டும்.

காற்றின் வேகம், சூரியனின் உயரம், பார்வைக் கோணம், அலைநீளம் ஆகியவற்றைக் குறிக்காமல் எடுத்த கடற்படம், எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மாதிரியைச் சோதிக்க உதவாது.