மீனுக்கு முன்னே நீரை வளர்ப்போம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல் மாணவி ஒருவர் எழுதியது)

மாலையில் கல்லூரி விட்டுத் திரும்பும் வழியில், கடைத்தெருக் கண்ணாடித் தொட்டிக்குள் விளக்கொளியில் நீந்தும் வண்ண மீன்களைக் கண்டு ஒரு கணமேனும் நில்லாதவர் நம்மில் யார்? நிற்கிறோம், விலை கேட்கிறோம், சிலர் வாங்கியும் விடுகிறோம். ஆனால் வாங்கிய மீன் ஒரு திங்களாவது உயிரோடு இருந்தது என்று சொல்பவர்கள் மிகச் சிலரே. "எங்களுக்கு மீன் ராசி இல்லை" என்று சொல்லித் தொட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடுபவர்களே மிகுதி. இதில் ராசி என்று ஒன்றும் இல்லை. காரணம் வேதியியலில் இருக்கிறது. இதனை இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை கற்றுக்கொண்டவள் நான். கற்றதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் தோல்வி

என் தந்தையார் எங்கள் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர். காலையும் மாலையும் மோட்டார் போடுவதும், ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுவதும், பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவதும் அவர் பணி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தம்பிக்கு மீன் வளர்க்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. எனக்கு உதவித்தொகை வந்தபோது, அதில் ஒரு பகுதியை எடுத்து 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றும், ஆறு நியான் டெட்ரா மீன்களும் வாங்கினேன்.

நியான் டெட்ரா தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. மூன்று, நான்கு சென்டிமீட்டருக்குமேல் வளராது. உடலின் குறுக்கே நீலக்கோடு ஒன்று, அதன்கீழே பாதி உடலுக்குச் சிவப்பு. 1936ஆம் ஆண்டில்தான் அறிவியலாளர் இதற்கு முறையாகப் பெயரிட்டனர். உப்புகள் குறைந்த, சற்றே அமிலத் தன்மையுள்ள மென்னீரில் வாழும் இனம். ஆகவே நீரின் மாறுதல்களை எளிதில் தாங்காது.

இவையெல்லாம் அன்று எனக்குத் தெரியா. குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினேன்; மீன்களை விட்டேன். மறுநாள் விடியலில் ஆறும் மிதந்தன. தம்பி அழுதான். அவனைத் தேற்றுவதாக நினைத்து, "தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அது மீனுக்கு ஆகாது" என்று வகுப்பில் படித்ததைச் சொன்னேன். அவன் நேரே தந்தையிடம் ஓடி, "நீங்க போட்ட பவுடர்தான்பா மீனைக் கொன்னுடுச்சு" என்றான். அப்பா என்னைப் பார்த்தார். "இருபது வருஷமா இந்த ஊருக்கே போடுறேன்மா, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டு, மோட்டார் போடக் கிளம்பிவிட்டார். அரைகுறையாகப் படித்ததை அவசரமாகச் சொன்னதற்காக அன்று முழுதும் வெட்கப்பட்டேன்.

உண்மை என்ன? குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தர அளவு. வாந்திபேதியும் காமாலையும் ஊரை அண்டாமல் இருப்பது அதனால்தான். மனிதன் அந்நீரைக் குடிக்கிறான். மீனோ அந்நீரையே மூச்சாக இழுக்கிறது. மெல்லிய செவுள்களில் அந்தச் சிறு அளவும் புண் செய்துவிடும். எனவே குற்றம் பவுடருடையது அன்று. அந்நீரை அப்படியே ஊற்றிய என்னுடையது.

இரண்டாம் தோல்வி

வாயகன்ற பாத்திரங்களில் ஒரு நாளுக்குமேல் நீரைத் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். அவ்வாறே செய்தேன். அப்பாவும் விட்டுவிடவில்லை. குளோரின் அளவைப் பார்க்க அவரிடம் உள்ள சிறு கருவியைக் கொண்டுவந்து, குழாயில் நீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டார். சுழித்து நின்ற மஞ்சள் நிறத்தைத் தம்பிக்குக் காட்டினார். பிறகு நான் வைத்திருந்த நீரில் விட்டார், நிறமே வரவில்லை. "இப்ப விடும்மா" என்றார்.

இம்முறை நான்கு மீன்கள். நான்கு நாட்கள் நன்றாகவே இருந்தன. ஐந்தாம் நாள் நிறம் வெளுத்து, நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எட்டாம் நாள் ஒன்றும் இல்லை. நீரோ பளிங்குபோல் தெளிந்திருந்தது. குளோரின் இல்லையென்று கண்ணாலேயே கண்டோம். பின் கொன்றது யார்?

எங்கள் வேதியியல் பேராசிரியரிடம் சென்று சொன்னேன். "தண்ணீர் எப்படி இருந்தது?" என்றார். "சுத்தமாக இருந்தது சார்" என்றேன். "பார்த்ததைக் கேட்கவில்லை. அளந்தாயா?" என்றார். அந்த ஒரு கேள்வியே எனக்குப் பாடமாயிற்று. தொட்டியில் மீதியிருந்த நீரைப் பாட்டிலில் எடுத்துவந்து, விலங்கியல் துறையில் இருந்த சோதனைச் சொட்டு மருந்தால் பார்த்தோம். அம்மோனியா லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம்; பி.எச். 8. மீன்களைக் கொன்றவன் பிடிபட்டான்.

தெளிந்த நீரில் ஒளிந்திருக்கும் நஞ்சு

மீன் உண்கிறது, கழிவை அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே வெளியிடுகிறது. தின்னாமல் கிடக்கும் இரையும் அழுகி அம்மோனியாவாகிறது. ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். கண்ணாடித் தொட்டியில் எங்கே போகும்? நிறமின்றி நீரிலேயே சேர்ந்துகொண்டிருக்கும்.

நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனியாக இருக்கும்போது தீங்கு குறைவு. அயனியாகாத அம்மோனியாவே கொடிது. 25 டிகிரி சென்டிகிரேடில், பி.எச். 7 உள்ள நீரில் நூற்றில் அரைப் பங்கு அளவே கொடிய வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டும். அதாவது ஒரே அளவு அம்மோனியா ஏறத்தாழப் பத்து மடங்கு கொடியதாகிறது. எங்கள் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீரின் பி.எச். 8! நம் பாடநூலில் சமநிலை என்று படிப்பது, என் வீட்டுத் தொட்டியில் நான்கு உயிர்களைத் தீர்மானித்திருக்கிறது.

அப்படியானால் குளத்தில் மீன் வாழவில்லையா? வாழ்கிறது, ஏனெனில் அங்கே கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள் இருக்கிறார்கள். ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, மீனின் இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து, இரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும். வேறொரு வகைப் பாக்டீரியா அதனைத் தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை நீர்ச்செடிகள் உணவாகக் கொள்ளும். எஞ்சியதை நாம் நீர் மாற்றி வெளியேற்றலாம்.

இந்தப் பாக்டீரியாக்களை 1890ஆம் ஆண்டளவில் தனித்துப் பிரித்துக் காட்டியவர் ருஷ்ய அறிவியலாளர் விநோகிராட்ஸ்கி. ஒரே பாக்டீரியா இரண்டு வேலைகளையும் செய்யவல்லது என்பது 2015ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. அதனைக் கண்டறிந்த இரு குழுக்களில் ஒன்று, மீன் வளர்ப்பு நிலையத்தின் வடிகட்டியிலிருந்தே கண்டெடுத்தது. மீன் தொட்டிக்கும் வேதியியலுக்கும் உள்ள உறவு பழையது. 1850இல் லண்டனில் இரண்டு தங்கமீன்களையும் வேலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் வைத்து, ஒன்றுக்கொன்று உதவி வாழ்வதைக் காட்டிய ராபர்ட் வாரிங்டனும் ஒரு வேதியியலாரே.

இப்பாக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கின்றன. இவற்றுக்கோ அரை நாளும், ஒரு நாளுக்கு மேலும் ஆகும். எனவே புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு குடியேற 4 முதல் 6 வாரங்கள் தேவை. புதிதாய்க் கழுவிய தொட்டி, புது மணல், புது நீர், உடனே மீன் என்றால் அங்கே துப்புரவாளரே இல்லாத ஊரில் ஆட்களைக் குடியேற்றுகிறோம் என்று பொருள். நமக்குச் சுத்தமாகத் தெரிவது மீனுக்குச் சுத்தமன்று.

மூன்றாம் முறை

ஐப்பசி மழை பெய்யத் தொடங்கியிருந்தது. முதல் மழையை விட்டுவிட்டு, கழுவிய மாடியிலிருந்து பிடித்த மழைநீர் பாதியும், குளோரின் போன குழாய்நீர் பாதியுமாகக் கலந்தேன். நீரின் கடினத்தன்மை குறைந்தது. காற்றுப் பம்பில் ஓடும் பஞ்சு வடிகட்டி ஒன்றை வைத்தேன். விலங்கியல் துறைத் தொட்டியில் நெடுநாள் ஓடிய பஞ்சைப் பிழிந்த அழுக்கு நீரை அனுமதி பெற்று வாங்கிவந்து ஊற்றினேன். என் தாயார், "காசு கொடுத்து வாங்கின தொட்டியில் சாக்கடையையா ஊத்துறே?" என்று கேட்டார். அந்த அழுக்கில்தான் அத்துணைச் செல்வமும் இருக்கிறது. தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது என்று விளக்கினேன், உடனே புரிந்துகொண்டார்.

மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் இரை மட்டும் போட்டுவந்தேன். அது அழுகி வரும் அம்மோனியாவே பாக்டீரியாவுக்கு உணவு. ஒருநாள் விட்டு ஒருநாள் அளந்து தம்பியின் பழைய நோட்டில் குறித்தோம். 5ஆம் நாள் அம்மோனியா ஏறியது. 11ஆம் நாள் அது இறங்க, நைட்ரைட்டு தலைகாட்டியது. 24ஆம் நாள் இரண்டும் இல்லை. மீண்டும் இரை போட்டு மறுநாள் பார்த்தோம், அப்போதும் இல்லை. நீர் தயார்!

மீன்களை ஒரேயடியாக விடவில்லை. மீன் பெருகினால் கழிவும் பெருகும். பாக்டீரியா ஈடுகொடுக்க நாள் வேண்டும். முதலில் மூன்று, பத்து நாள் கழித்து மூன்று. நியான் டெட்ரா கூட்டமாக வாழும் இனமாதலால், முடிவில் ஆறேனும் இருத்தல் நலம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. கொண்டுவந்த பையை 15 முதல் 20 நிமிடங்கள் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். பின்னர்த் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். கடை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. அன்று விளக்கும் வேண்டாம், இரையும் வேண்டாம்.

2. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இரை. பசியால் இறக்கும் தொட்டி மீன்களினும் அதிக இரையால் இறப்பவை அதிகம்.

3. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். முழுத் தொட்டியையும் கவிழ்த்துக் கழுவுவது, பாடுபட்டு வளர்த்த பாக்டீரியாவைக் கொட்டிவிடுவதாகும். பஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது. குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே அலச வேண்டும்.

4. வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆகவே கோடையில் வெயில் படாத குளிர்ந்த மூலையே தொட்டிக்கு ஏற்றது. மின்சாரம் நின்றால் குவளையால் நீரை மொண்டு மொண்டு ஊற்றிக் காற்றுக் கலக்கச் செய்யலாம்.

5. இறந்த மீனை உடனே எடுத்துவிட வேண்டும். நியான் டெட்ராவைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய் ஒன்று, இறந்த மீனை மற்றவை கொத்துவதால் பரவுகிறது, அதற்கு மருந்தில்லை.

6. வளர்க்க முடியாத மீனை ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். அயல்நாட்டு மீன்கள் நம் நாட்டு மீன்களின் வாழ்வைக் கெடுக்கும்.

முடிவுரை

இதை எழுதும்போது மூன்று திங்கள் கடந்துவிட்டன. ஆறில் ஒன்று தைப் பொங்கலை ஒட்டி இறந்தது. ஐந்து நலமாக இருக்கின்றன. மாலையில் பள்ளி விட்டு வந்ததும் தம்பி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பையைக் கீழே வைக்கிறான்.

கிருமி என்றாலே கொல்ல வேண்டியது என்று எண்ணியிருந்தேன். ஊரைக் காக்கக் கிருமியைக் கொல்வது என் தந்தையின் வேலை. மீனைக் காக்கக் கிருமியை வளர்ப்பது என் வேலை. எங்கே கொல்வது, எங்கே வளர்ப்பது என்று தெரிந்துகொள்வதே அறிவியல். அப்பா இப்போது ஊரில் காய்ச்சல் காலத்தில் பவுடர் கூடுதலாகப் போடும் நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கிறார். "இன்னிக்குத் தண்ணி மாத்தாதேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே போகிறார். வேதியியலில் நான் கேட்ட முதல் செய்முறைக் குறிப்பு அவரிடமிருந்தும் வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

நண்பர்களே! மீன் வாங்க ஆசைப்பட்டால் இன்றே தொட்டியை வாங்குங்கள். மீனை அடுத்த திங்கள் வாங்குங்கள். இடைப்பட்ட நாட்களில் நீரை வளருங்கள். நீர் வளர்ந்தால் மீன் தானே வளரும்.