தொலைநோக்கியைத் திருகும் முன் லேசரைச் சோதியுங்கள்

ஆசையாக வாங்கிய நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் சனிக் கோளைப் பார்த்தால் வளையம் ஒரு பக்கம் கசிந்தாற்போல் மங்கித் தெரிகிறது. விண்மீன்கள் புள்ளியாக நிற்காமல் வால் முளைத்து இழுபடுகின்றன. ஆடி மட்டமானது என்று வாங்கியவர் முடிவுகட்டிவிடுகிறார். நல்ல தொலைநோக்கிகள் பரணுக்குப் போவது இப்படித்தான். ஆனால் இந்த அறிகுறிகளுக்கு ஆடியின் தரம் காரணமாக இருப்பதைவிட, குழாயின் அடியில் உள்ள முதன்மை ஆடியும் வாய்ப்பக்கம் 45 பாகை சாய்ந்து நிற்கும் துணை ஆடியும் ஒரே ஒளியச்சில் சேராமல் இருப்பதே அடிக்கடி காரணம். இவற்றை நேர்ப்படுத்துவதைத்தான் கொலிமேஷன் என்கிறோம். கூரியர் வண்டியில் குலுங்கி வந்து சேர்ந்த தொலைநோக்கிக்கு முதல் நாளே இது தேவைப்படலாம்.

இதற்காகப் பலரும் உடனே வாங்குவது லேசர் கொலிமேட்டர். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. மலிவு விலை லேசர்களில் சில, தாமே நேராக இருப்பதில்லை. உலோக உறைக்குள் உள்ள லேசர் கோணலாக உட்கார்ந்திருந்தால், அதை நம்பி ஆடிகளைத் திருகுபவர் சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவார். மூலைமட்டம் கோணலானால் தச்சர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கதவு சட்டத்தில் பொருந்தாது. இங்கே கொடுமை என்னவென்றால், கோணல் லேசரும் வேலை முடிந்ததும் சிவப்புப் புள்ளியைச் சரியாக நடுவில் காட்டிவிடும். எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நம்பி வானத்தைப் பார்ப்பவருக்குக் கிடைப்பது பழைய மங்கல்தான். சில ஆயிரம் ரூபாய் போனது ஒருபுறம். தனக்கு இது வராது என்று ஒரு மாணவர் ஒதுங்கிப்போவது அதைவிடப் பெரிய இழப்பு.

அதனால் லேசர் கையில் கிடைத்ததும் அதைத் தொலைநோக்கியில் செருகாதீர்கள். ஒரு பலகையில் இரண்டு ஜோடி ஆணிகளை, ஒவ்வொரு ஜோடியும் எக்ஸ் வடிவில் அமைய அடித்தால் உருளையான கருவி அசையாமல் படுக்க ஒரு தாங்கி கிடைத்துவிடும். லேசரை அதில் கிடத்தி, 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒரு தாளை ஒட்டி, கருவியை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுழற்றுங்கள். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் கருவி நேரானது. அது தாளில் வட்டம் போட்டால் கோணல் என்று பொருள். எவ்வளவு கோணலைப் பொறுக்கலாம் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். நம்மிடையே பரவலாகப் புழங்கும் 200 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத்தொலைவும் கொண்ட டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். சுவரில் விழும் வட்டத்தின் விட்டம் 5 செ.மீ. என்றால், முதன்மை ஆடியின் மேல் ஒளி நடுவிலிருந்து 6 மி.மீ. தள்ளி விழும். அதில் பாதி, அதாவது 3 மி.மீ., முதன்மை ஆடியின் அச்சில் பிழையாகப் போய்ச் சேரும். குவியத்தொலைவை விட்டத்தால் வகுத்தால் 6 வரும் இந்த எஃப்/6 தொலைநோக்கியில் விண்மீன் வால் முளைக்காமல் கூர்மையாகத் தெரியும் பரப்பின் விட்டமே ஏறத்தாழ 4.8 மி.மீ.தான், நடுவிலிருந்து 2.4 மி.மீ. 3 மி.மீ. பிழை அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. வட்டம் 1 செ.மீ.க்குள் இருந்தால் இந்தத் தொலைநோக்கிக்குக் கவலை வேண்டாம். எஃப்/5 என்றால் அந்தக் கூர்மையான பரப்பு 2.8 மி.மீ.க்குச் சுருங்கும், எஃப்/8 என்றால் 11 மி.மீ. வரை விரியும். எஃப்/8 வைத்திருப்பவர் நிம்மதியாக இருக்கலாம். எஃப்/5-க்குக் கீழே போகிறவர் கருவியைக் கறாராகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தச் சுவர்ச் சோதனையைக் கைப்பேசியில் முழுதாகப் படம்பிடித்து வையுங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதில் தொடங்கி, கருவியின் மேலுள்ள எழுத்துகள், தாளில் குறித்த வட்டம், பக்கத்தில் ஓர் அளவுகோல் எல்லாம் பதிவாகட்டும். பிறகு விற்பனையாளரோடு வழக்காட நேர்ந்தால் உங்கள் கையில் இருக்கும் வலுவான சான்று அதுதான். இன்னொன்றும் முக்கியம். லேசர் உறையின் பக்கவாட்டில் மூன்று நுண்ணிய திருகுகள் சிலிகான் பசையால் மூடப்பட்டிருக்கும். அவற்றைத் திருகிக் கருவியை நாமே நேராக்கிவிட முடியும். ஆனால் பொருளைத் திருப்பி அனுப்பும் எண்ணம் இருக்கும்வரை அந்தப் பசையைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால், நீங்களே கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல விற்பனையாளருக்கு வாய்ப்பு கிடைத்துவிடும்.

முதன்முதலாகக் கருவி வாங்கப் போகிறவருக்கு என் பரிந்துரை லேசர் அல்ல, செஷயர் ஐபீஸ். பேட்டரி, ஒளிக்கதிர் எதுவும் இல்லாத எளிய குழாய் அது. ஒரு முனையில் சிறு துளை, உள்ளே 45 பாகையில் பளபளக்கும் தகடு, மறுமுனையில் குறுக்குக் கம்பிகள். துளை வழியே பார்த்து, முதன்மை ஆடியின் நடுவில் ஒட்டிய வளையப் பொட்டு பளபளப்பின் நடுவில் அமையும்வரை அந்த ஆடியைத் திருக வேண்டும். துணை ஆடி, ஐபீஸ் பொருத்தும் ஃபோகஸருக்கு நேர் கீழே இருக்கிறதா என்பதையும் இதில் காணலாம். லேசர் அதைச் சொல்லாது. ஆடியில் நடுப்பொட்டு இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளலாம். துணை ஆடியின் நிழல் விழும் இடம் அது என்பதால் காட்சி கெடாது.

கோணல் லேசரை ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கும் வழி இருக்கிறது. உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸை ஃபோகஸரில் வைத்து அதன்மேல் லேசரைச் செருகினால் கதிர் விரிந்து ஆடியின் நடுப்பொட்டு முழுவதையும் நனைக்கும். அந்தப் பொட்டின் நிழல் திரும்பி வந்து விழுவதைப் பார்த்து முதன்மை ஆடியைத் திருகினால், லேசரின் கோணல் அந்த அளவீட்டில் அநேகமாக நுழையாது. நில்ஸ் ஓலோஃப் கார்லின் விளக்கிய இந்த முறை ஏராளமான தொலைநோக்கிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

கடைசிச் சோதனை வானத்தில்தான். பிரகாசமான ஒரு விண்மீனை நடுவில் வைத்துச் சற்றே குவியம் விலக்கினால் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரே மையத்தோடு தெரிய வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகள் இதற்குத் துருவ விண்மீனைச் சொல்லும். அது கிட்டத்தட்ட நகராது என்பது காரணம். நமக்கு அது தோதுப்படாது. சென்னையில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 13 பாகையிலும் கன்னியாகுமரியில் 8 பாகையிலும்தான் நிற்கிறது. அந்தத் தாழ்வில் காற்றின் கலக்கம் வளையங்களைக் குலைத்துவிடும். உச்சிக்கு அருகில் உள்ள விண்மீனைப் பிடியுங்கள். அது நகர நகரத் தொலைநோக்கியைத் தள்ளிக்கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தொலைநோக்கி வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. குழாய் அரை மீட்டர் நீளம்கூட இல்லாமல், குவியத்தொலைவு 1000 மி.மீ. என்று எழுதியிருந்தால், ஃபோகஸருக்குள் ஒரு லென்ஸ் ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்த லென்ஸைக் கழற்றாமல் லேசரால் நேர்ப்படுத்த முயன்றால் தவறான விடைதான் வரும். 76 மி.மீ. சிறு தொலைநோக்கிகள் சிலவற்றில் முதன்மை ஆடியைத் திருகவே முடியாது. அவற்றுக்குக் கொலிமேட்டரும் சேர்த்து விற்பவர் உங்கள் நலம் கருதுபவர் அல்லர்.

இனி ஆபத்துகள். லேசர் ஒளி கண்ணின் விழித்திரையைச் சுடக்கூடியது. கருவியின் மேல் லேசர் வகுப்பு எழுதியிருக்க வேண்டும். வகுப்பு 2 என்றால் 1 மில்லிவாட்டுக்குள். கண் தானாக இமைத்துக்கொள்வதே பாதுகாப்பாகிவிடும். 3ஆர் என்றால் 5 மில்லிவாட் வரை. கொலிமேஷனுக்கு வகுப்பு 2 தாராளமாகப் போதும். எழுத்தே இல்லாத கருவியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பச்சை லேசர் பேனாக்களை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010இல் ஆராய்ந்த மலிவான பச்சை லேசர் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் பச்சையைவிட அதிகமாகக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை உமிழ்ந்தது. அதைக் கண்டு இமை மூடாது. லேசர் எரியும்போது ஃபோகஸரிலோ குழாயின் வாயிலோ யாரும் கண் வைக்கக் கூடாது. துணை ஆடி வெகுவாகச் சாய்ந்திருந்தால் கதிர் குழாயின் திறந்த வாய் வழியே வெளியேறிவிடும். குழாயின் வாயைச் சுவரை நோக்கித் திருப்பிவைத்து வேலை செய்யுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் நிற்கக் கூடாது.

குழந்தைகளுக்கு இன்னொரு ஆபத்து, லேசருக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி. அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். பேட்டரி மூடி திருகு போட்டு மூடப்பட்டதா என்று பாருங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாந்திக்காகக் காத்திருக்கக் கூடாது. துணை ஆடியைத் திருகும்போது குழாயைக் கிடையாக வைப்பதும் அவசியம். செங்குத்தாக இருந்தால் கை தவறிய திருகுச்சாவி நேராக முதன்மை ஆடியின் மேல் விழும்.

கருவி கோணல் என்று தெரிந்துவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2020 மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. தொழிற்சாலையிலேயே நேர்ப்படுத்தப்பட்டது என்று விளம்பரம் சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பிறகு அது மாறிவிடலாம். இந்தப் பொருளுக்குத் திரும்பப் பெறுதல் கிடையாது என்ற ஒரு வரியைக் காட்டி உங்களை அனுப்பிவிட முடியாது. இறக்குமதியான பொருளானால் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் யார், முகவரி என்ன என்ற விவரங்களைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வெளிநாட்டுத் தளத்திலிருந்து நேராக வரவழைத்தால் இந்தப் பிடிமானம் பெரும்பாலும் தளர்ந்துவிடும். சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் உள்ளூரில் வாங்குவதே பாதுகாப்பு.

முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசிப் பேச்சைச் சான்றாகக் காட்டுவது கடினம். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். புகார் நகரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியே இணையத்திலேயே பதியலாம். பொருளின் விலையோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் இழப்பீடு கோரலாம்.

லேசரால் கண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால் அது வேறு வழக்கு. போதிய எச்சரிக்கை தராத உற்பத்தியாளர் பொருள் பொறுப்பு விதிகளின் கீழ் பதில் சொல்ல வேண்டும். உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத, பெயரில்லாத கருவியானால் அந்தப் பொறுப்பு விற்றவர்மேல் விழும். கண் மருத்துவரின் அறிக்கையைத் தேதியோடு வாங்கிவைத்து, கருவியைத் தூக்கி எறியாமல் அப்படியே உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தை அணுக வேண்டும். ரசீதும் காணொலியும் அதுவரை அழியாமல் இருக்கட்டும்.