சத்தம் கேட்குது... பேச்சு புரியலையே! கம்ப்யூட்டருக்குள் ஒளிந்திருக்கும் ஒலி செட்டிங்ஸ்

ராஜபாளையத்தின் நூற்பாலைகளிலும், பேண்டேஜ் துணிக்குப் பெயர்போன சத்திரப்பட்டியின் விசைத்தறிக் கூடங்களிலும் பல வருடம் உழைத்து ஓய்ந்தவர்கள் அந்தப் பகுதியில் பல வீடுகளில் உண்டு. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, துபாய் என்று போய்விட, வீடியோ காலில்தான் பேச்சு. அங்கே அடிக்கடி வரும் புகார், “சத்தம் கேக்குதுய்யா... என்ன சொல்றன்னுதான் புரியல.”

இது பிடிவாதமோ கவனக்குறைவோ அல்ல. வருடக்கணக்காக இயந்திர இரைச்சலில் நின்ற காதுகளில் முதலில் பழுதாவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வெண் பகுதி. நம் பேச்சில் உயிர் ஒலிகள் பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும். ச, த, ட போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் மேலே இருக்கும். அதனால் ஓசை கேட்கும். ஆனால் ‘படம்’ என்றாரா, ‘தடம்’ என்றாரா என்பது பிடிபடாது. வால்யூமைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுமே தவிர, தெளிவு அவ்வளவாக வராது.

இதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும் வசதிகள் கம்ப்யூட்டரின் ஆடியோ டிரைவரிலேயே இருக்கின்றன. ஸ்பீக்கர், மைக் போன்றவற்றை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்தான் டிரைவர். அதன் முக்கியமான சில செட்டிங்ஸ் மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது.

எங்கே இருக்கிறது?

விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு கட்டத்தில் எம்.எம்.எஸ்.ஒய்.எஸ் என்ற ஐந்து எழுத்துகளை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து, ஒரு புள்ளி வைத்து, சி.பி.எல் என்று முடித்து என்டர் தட்டுங்கள். பழைய ‘சவுண்ட்’ பெட்டி திறக்கும்.

* அதில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பகுதியைப் பாருங்கள். கால் வரும்போது மற்ற ஒலிகளை 80 சதவிகிதம் குறைக்கும்படி விண்டோஸ் வழக்கமாக அமைந்திருக்கும். கால் பேசும்போது பாட்டோ, வீடியோவோ திடீரென்று அமுங்கிப்போவது இதனால்தான். ‘டூ நத்திங்’ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

* ஸ்பீக்கரின் ‘பிராபர்ட்டீஸ்’ உள்ளே ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ இருந்தால், ‘லவுட்னஸ் ஈக்வலைசேஷன்’ என்பதை டிக் செய்யுங்கள். மெல்லிய ஒலியை உயர்த்தி, உரத்த ஒலியை அடக்கி இரண்டையும் நெருக்கமாகக் கொண்டுவரும். பேச்சுக்கு நல்லது. எல்லா டிரைவரிலும் இது இருக்காது.

* ஒரு காது மட்டும் மந்தமாக இருப்பவர்களுக்கு, விண்டோஸ் 11-ல் ‘அக்சஸிபிலிட்டி’யில் ‘ஆடியோ’வைத் திறந்து ‘மோனோ ஆடியோ’வை ஆன் செய்யலாம். ஹெட்போனின் இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும், எதுவும் தவறிப்போகாது.

பாட்டுக்கு வேறு கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பாட்டி, வெளிநாட்டுப் பேத்திக்கு ஆன்லைனில் திருப்பாவை சொல்லித்தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பாசுரமும் ராகத்தோடு போக வேண்டும். ஆனால் மறுமுனையில் சுருதி காணாமல் போகிறது. பாட்டியின் குரலும் நீட்டிப் பாடும் இடங்களில் விட்டுவிட்டு வருகிறது. நெட் மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபேன் சத்தம் போல ஒரே சீராக வரும் ஒலியை ‘இரைச்சல்’ என்று எண்ணி வெட்டும் வேலையை ‘நாய்ஸ் சப்ரஷன்’ செய்கிறது. சுருதிப் பெட்டியும் ஒரே சீராகத்தானே ஒலிக்கிறது!

விண்டோஸ் 11-ல் ‘சிஸ்டம்’, ‘சவுண்ட்’ என்று போய், மைக்கைத் தேர்ந்தெடுத்து ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ஸை ஆஃப் செய்யுங்கள். வீடியோ கால் ஆப்பிலும் தனியாக ஒரு சப்ரஷன் இருக்கும். ஜூமில் இசைக்கென்றே ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதி உண்டு. பாட்டுப் பாடத்தின்போது லவுட்னஸ் ஈக்வலைசேஷனையும் நிறுத்திவிடுங்கள். ஏற்ற இறக்கங்களை அது தட்டையாக்கிவிடும்.

முதல் எழுத்து விழுங்கப்படுகிறதா?

சிறிது நேரம் அமைதிக்குப் பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம், அல்லது முதல் சொல்லின் தொடக்கம் மட்டும் கேட்காமல் போவது. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆடியோ சிப் தூங்கிப்போய், மறுபடி எழுவதால் இப்படி ஆகலாம். எத்தனை விநாடியில் தூங்க வேண்டும் என்ற கணக்கு விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில், டிரைவருக்கான ‘பவர் செட்டிங்ஸ்’ பகுதியில் இருக்கும். கரன்ட்டில் ஓடும்போது ‘பெர்ஃபார்மன்ஸ் ஐடில் டைம்’, பேட்டரியில் ஓடும்போது ‘கன்சர்வேஷன் ஐடில் டைம்’. இரண்டிலும் மதிப்பைப் பூஜ்ஜியமாக்கினால் தூக்கம் நிற்கும். லேப்டாப்பில் பேட்டரி சற்று வேகமாகக் குறையலாம்.

ஆனால் ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது விளையாட்டு இல்லை. மாற்றும் முன் அந்தப் பகுதியை ‘எக்ஸ்போர்ட்’ செய்து சேமித்துக்கொள்ள வேண்டும். பழக்கமில்லை என்றால் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது. டிரைவர் அப்டேட் ஆகும்போது பழைய மதிப்பு திரும்பி வரலாம். அப்போது மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

செட்டிங்ஸ் மருந்தல்ல

ஹெட்போனை முழு வால்யூமில் வைத்துப் பழகினால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போகும். 80 டெசிபல் அளவென்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். இரைச்சலில் இழந்த செவித்திறன் திரும்பாது. ஆகவே அப்பாவோ தாத்தாவோ “என்னது?” என்று இரண்டு மூன்று முறை கேட்கிறார் என்றால் எரிச்சல்படாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போய் ஆடியோகிராம் எடுங்கள். தேவையென்றால் ஹியரிங் எய்ட் வாங்கிக்கொடுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஒரு அரை மணி நேரம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்த செட்டிங்ஸையும் சரிபார்த்துவிட்டு வாருங்கள்.