இழைக்குள் எழுதப்படும் கோடுகள்

கண்ணாடி இழைக்குள் ஓடும் பல அலைநீளங்களில் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு, மற்றவற்றைத் தடையின்றி விட்டுவிடும் சிறு பகுதிக்கு ‘பிராக் கீற்றணி’ என்று பெயர். தொலைத்தொடர்பில் ஒரே இழையில் பல பத்து அலைநீளங்கள் சேர்ந்து பயணிக்கின்றன. 1550 நானோமீட்டரை ஒட்டிய இந்த அகச்சிவப்பு ஒளிகளில், அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே பல இணைப்புகளில் 0.8 நானோமீட்டர்தான் இடைவெளி. அவற்றில் ஒன்றைப் பிரித்தெடுக்கக் கீற்றணி உதவுகிறது.

இது தனிப் பொருளாகச் செய்து பொருத்தப்படுவதில்லை, இழைக்குள்ளேயே எழுதப்படுகிறது. இழையின் நடுவில் 9 மைக்ரான் அளவுள்ள உள்ளகத்தில் ஒளிவிலகல் எண் சீரான இடைவெளியில் மிகச் சிறிதளவு கூடிக் குறைகிறது. இப்படி அமையும் ஒவ்வொரு கோடும் துளி ஒளியையே திருப்பும். ஆனால் கோடுகளின் இடைவெளியை இருமடங்காக்கி ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் வரும் அலைநீளத்துக்கு மட்டும், திரும்பும் துளிகள் எல்லாம் தாளம் தப்பாமல் ஒன்றுசேரும். படிகங்களில் எக்ஸ் கதிர் சிதறுவதை விளக்க லாரன்ஸ் பிராக் கண்ட விதியும் இதே அடிப்படையில் அமைந்தது. அதனால்தான் அவர் பெயர்.

1550 நானோமீட்டர் ஒளிக்குக் கோட்டிடைவெளி ஏறக்குறைய 535 நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டரில் 18,000-க்கும் மேற்பட்ட கோடுகள். திரும்பும் அலைநீளம் 0.1 நானோமீட்டர் பிசகக்கூடாது என்றால், சராசரி இடைவெளி 0.035 நானோமீட்டர்கூட மாறக்கூடாது. இது சிலிக்கன் அணு ஒன்றின் குறுக்களவைவிடக் குறைவு. எந்த ஊசியாலும் இப்படிக் கீற முடியாது. ஒளியைக் கொண்டே ஒளிக்குக் கோடு போட வேண்டியிருக்கிறது.

அதற்கான வழி தற்செயலாகவே கிடைத்தது. 1978-இல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில்லும் உடன் பணிபுரிந்தவர்களும் ஜெர்மேனியம் கலந்த இழையில் ஆர்கான் லேசரைச் செலுத்தியபோது, திரும்பிவரும் ஒளி நிமிடத்துக்கு நிமிடம் கூடியது. முன்செல்லும் ஒளியும் இழை நுனியில் பட்டுத் திரும்பிய ஒளியும் சேர்ந்து நிலை அலையாகி, கண்ணாடியில் தம் தடத்தைப் பதித்திருந்தன. ஆனால் அந்தக் கீற்றணி தன்னை எழுதிய லேசரின் நிறத்தையே திருப்பும், தொலைத்தொடர்புக்கு உதவாது. 1989-இல் அமெரிக்காவில் ஜெரால்டு மெல்ட்ஸ் குழுவினர் இரண்டு புறஊதாக் கதிர்களைப் பக்கவாட்டிலிருந்து குறுக்கிடச் செய்தார்கள். கதிர்களின் கோணத்தை மாற்றினால் இடைவெளியும் மாறியது. மேசை லேசாக அதிர்ந்தாலும் கோடு கலைந்துவிடும் என்பது மட்டும்தான் சங்கடம்.

1993-இல் வந்த கட்ட முகமூடி அந்தச் சங்கடத்தைப் பெருமளவு தீர்த்தது. இது எலக்ட்ரான் கற்றையால் நுண் பள்ளங்கள் வரையப்பட்ட சிலிக்கா தகடு. அதன் வழியே புறஊதா ஒளி விழுந்தால் இரண்டாகப் பிரிந்து, தகட்டின் மறுபக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கும் இழையில் குறுக்கிடுகிறது. கிடைக்கும் கோட்டிடைவெளி, தகட்டுப் பள்ளங்களின் இடைவெளியில் சரிபாதி. லேசரின் அலைநீளம் சற்று விலகினாலும் இந்த அளவு மாறாது. துல்லியம் முழுவதையும் தகடே சுமக்கிறது; அதனால்தான் அதன் விலையும் அதிகம்.

பட்டறையில் முதல் வேலை, இழையை ஹைட்ரஜனில் உயர் அழுத்தத்தில் பல நாள் ஊறவைப்பது. அப்போதுதான் கண்ணாடி புறஊதாவுக்கு நன்றாக இசைந்துகொடுக்கும். பிறகு பிளாஸ்டிக் பூச்சை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, இரு பிடிகளுக்கு நடுவே லேசாக இழுத்துக் கட்டுகிறார்கள். லேசர் விழ விழ, இழையைக் கடந்துவரும் ஒளியைக் காட்டும் நிறமாலைத் திரையில் மட்டமாக ஓடிய கோட்டில் ஒரு பள்ளம் விழுந்து ஆழமாகிறது. குறித்த ஆழம் வந்ததும் லேசர் நிற்க வேண்டும். இரு ஓரங்களிலும் கோடுகள் படிப்படியாக மங்கி முடிவதும் அவசியம். சட்டென முடிந்தால் பக்கத்து அலைநீளமும் கொஞ்சம் திரும்பிவிடும்.

எழுதிய அலைநீளம் அப்படியே நிலைப்பதில்லை. இழுவை தளரும்போதும், மிஞ்சிய ஹைட்ரஜனை வெளியேற்றச் சூடாக்கும்போதும் அது குறைகிறது. துவைத்தால் சுருங்கும் துணிக்குத் தையற்காரர் கூடுதல் விட்டு வெட்டுவதுபோல, முதலிலேயே சற்று நீளமாக எழுதிவிடுகிறார்கள்.

வெப்பம்தான் கடைசிவரை தொல்லை. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அலைநீளம் சுமார் 0.01 நானோமீட்டர் நகரும். 80 டிகிரி மாறினால் அடுத்த அலைநீளத்தின் இடத்துக்கே போய்விடும். அதனால் இழையை இழுத்த நிலையில், வெவ்வேறு அளவில் விரியும் இரு பொருள்களாலான சட்டத்தில் ஒட்டுகிறார்கள். சூடு ஏறும்போது சட்டம் இழுவையைத் தளர்த்தி, வெப்பம் கூட்டிய அலைநீளத்தை அதே அளவு குறைத்துவிடுகிறது.