மரபணுவைத் தொடும் மன அழுத்தம்: ஹைதராபாத் ஆய்வும் தில்லிச் சட்டமும்

பெற்றோர் வழியே வந்த மரபணு அப்படியே இருந்தாலும், அது எந்த அளவுக்குச் செயல்படுகிறது என்பதை வாழ்க்கை நெருக்கடிகள் மாற்றக்கூடும். மனநோய் ஆராய்ச்சியில் கடந்த 20 ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ள கருத்து இது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2004-இல் இதனை எலிகளிடம் கண்டனர். தாயின் அரவணைப்பு குறைந்த குட்டிகளின் மூளையில், அழுத்தத்தைத் தணிக்க உதவும் ஒரு மரபணுவின் மீது மெத்தில் என்ற வேதிக்கூறு கூடுதலாகப் படிந்து, அதன் செயல்பாட்டைக் குறைத்திருந்தது. அக்கறை மிகுந்த வேறு தாயிடம் பிறந்தவுடன் விடப்பட்ட குட்டிகளிடம் இக்குறை காணப்படவில்லை. சிறு வயதில் கொடுமைக்கு ஆளாகிப் பின்னர் தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளையிலும் இதே போன்ற மாற்றம் இருந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

ஹைதராபாதில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் (சிசிஎம்பி) ஆகியவற்றின் விஞ்ஞானிகள் இதே திசையில் ஜீப்ரா மீன்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. எதிர்பாராத நெருக்கடிகளுக்குத் தொடர்ந்து உள்ளான மீன்களிடம் பதற்றம் அதிகரித்தது. மரபணுக்களின் கட்டளைப்படி உருவாகும் புரதங்களின் அளவும் அவற்றின் மூளையில் மாறியிருந்தது.

எனினும், உயிருடன் இருப்பவரின் மூளைத் திசுவை எடுத்து இவ்வாறு சோதிக்க இயலாது என்பதால், மனிதர்களின் மனநோய்க்கு இதுவே காரணம் என்று அறிவியல் இன்னும் அறுதியிட்டுக் கூறவில்லை.

ஆய்வுக்கூடம் தயங்கும் இடத்தில் நாடாளுமன்றம் ஒரு முடிவை எடுத்துவிட்டது. அதே 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அறிமுகமான மனநல மசோதா, 2017 மார்ச் 27-இல் மக்களவையிலும் நிறைவேறிச் சட்டமானது. தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்கிறது அதன் 115-ஆவது பிரிவு. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அது கூறுகிறது. தற்கொலை முயற்சியைப் பொதுவான குற்றமாக்கிய 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை.

ஆனால், கடமை ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. மனநலப் பாதிப்புக்கு உள்ளானோரில், நோயின் தன்மைக்கேற்ப, 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறவில்லை என்று 2015-16-ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு கூறியது. 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசி சேவை (14416) ஒரு தொடக்கமே.

கடன், வறுமை, குடும்ப வன்முறை ஆகியவை உடலுக்குள்ளும் தடம் பதிக்கும் என்றால், மனநலம் சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு மட்டுமல்ல. நிதி, வேளாண்மை, கல்வி மானியக் கோரிக்கைகளின்போதும் அவையில் எழுப்பப்பட வேண்டிய பிரச்னை இது.