கிங்ஸ் கல்லூரியின் புல்தரை

கேம் ஆற்றில் படகில் வருபவர்களுக்குக் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி முதலில் காட்டுவது தன் முதுகைத்தான். கரையையொட்டி அகன்ற புல்தரை. அதற்கு அப்பால் 1446இல் அடிக்கல் நாட்டி 1515இல் கட்டி முடித்த தேவாலயம். பக்கத்தில் ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்த வெள்ளைக் கல் கட்டடம்.

புல்தரை 1772 வாக்கில் வந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் புல்தரைகளை ஆட்கள் நீண்ட பிடி போட்ட அரிவாளை வீசி அறுத்தார்கள். பனி ஈரம் காய்வதற்குள் அறுத்தால்தான் வெட்டு சீராக விழும் என்பதால் விடிகாலை வேலை அது. 1830இல் எட்வின் படிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அரிவாள்கள் மெல்ல மெல்ல ஓய்ந்தன. மழுமழுவென்று சவரம் செய்த முகம்போல் புல்லை வைத்திருப்பது கல்லூரிக்குக் கௌரவம் என்றாகிவிட்டது.

அதை மிதிப்பதும் ஒரு கௌரவம்தான். ஃபெலோக்கள் எனப்படும் கல்லூரியின் மூத்த உறுப்பினர்களுக்கே அந்த உரிமை. 1929இல் வெளியான கட்டுரை நூலொன்றில் வர்ஜீனியா வுல்ஃப், கற்பனையான ஒரு பல்கலைக்கழகத்தில் புல்லில் கால் வைத்த பெண்ணைக் காவலர் சரளைப் பாதைக்கு விரட்டுவதை எழுதினார். அப்போது கேம்பிரிட்ஜில் பெண்கள் படிக்கலாம், முழுப் பட்டம் கிடையாது. அது 1948இல்தான் வந்தது. கிங்ஸ் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1972இல்.

2019இல் அந்தப் புல்தரையின் ஒரு பகுதியை உழுது காட்டுப்பூ விதைகளைத் தூவினார்கள். கசகசாப் பூவின் சிவப்பும் டெய்சியின் வெள்ளையும் முழங்கால் உயரத்துக்கு வந்தன. அங்கே ஊர்வதையும் பறப்பதையும் எண்ணும் ஆய்வை நடத்தியவர் அதே கல்லூரியைச் சேர்ந்த தாவரவியலாளர் சிசிலி மார்ஷல் என்ற பெண். 2023இல் வெளியான முடிவின்படி, செடி, சிலந்தி, பூச்சி இனங்கள் மிச்சமுள்ள புல்தரையில் இருப்பதைப்போலப் பூவெளியில் மூன்று மடங்கு. பாதுகாக்க வேண்டியவை எனப் பட்டியலிட்ட இனங்கள் புல்தரையில் 6, பூவெளியில் 14. வௌவால்களும் பூவெளியின் மேல்தான் அதிகம் சுற்றுகின்றன.

இழப்பு இல்லாமலில்லை. அந்தத் தேவாலயம் ஒரே சீரான பச்சைக்குப் பின்னால் நிற்கும்போதுதான் அதன் முழு உயரமும் கண்ணுக்குப் பட்டது. இப்போது பார்வை நடுவிலேயே பூக்களில் சிக்கிக்கொள்கிறது; அறுவடை முடிந்த மாதங்களிலோ அந்தப் பகுதி சொட்டையாகக் கிடக்கிறது. ஓயாமல் வெட்டிய இடத்தில் இன்று ஆண்டுக்கு ஓர் அறுப்பு. அதற்கும் ஷயர் இனக் குதிரைகளைப் பூட்டியிருக்கிறார்கள். குதிரை பூட்டி அறுக்கும் பழைய முறை, ஆராய்ச்சியின் பெயரால் திரும்பியிருப்பது வேடிக்கைதான். அறுத்து உலர்த்திய புல்லை விதையோடு கட்டி, நகரின் வேறு இடங்களில் பரப்பப் புதுப் பூவெளிகள் முளைக்கின்றன.

சுற்றிப் பார்க்க வருபவர் இன்று சீட்டு வாங்கி உள்ளே போகலாம். நடப்பதற்குப் பாதை உண்டு. பூவிலும் கால் வைக்க முடியாது, புல்லிலும் முடியாது.